பச்சை விளக்கு அணைந்த பின் இரண்டு நொடி

1. தூங்காத பெட்டி

திருவொற்றியூரில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறேன். நான் எழுதிய இரண்டு வரியால் ஒரு மனிதருக்கு வேலை போனது. வேலையைவிடப் பெரியதும் போனது. புதிதாக வருகிறவர்கள் என் பெருமைகளைக் கேட்கும்முன் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டுக்கு உதவிப் பெட்டிகள் செய்து கொடுத்தோம். கம்பத்தில் மாட்டிய பெட்டி, சிவப்பு பட்டன், பச்சை விளக்கு, உள்ளே பேட்டரியில் ஓடும் குட்டி கம்ப்யூட்டர். சும்மா இருக்கும்போது அது தூங்கும். பட்டனை அமுக்கினால் விழித்து, கன்ட்ரோல் ரூமுக்கு ரேடியோவில் தகவல் அனுப்பும். நடுநடுவே தானாகவும் விழித்து, உயிரோடு இருப்பதாக ஒரு செய்தி அனுப்பிவிட்டுத் தூங்கும். விழித்திருக்கும்வரை விளக்கு எரியும்.

பட்டனை அமுக்கியதும் சிப்பில் ஒரு குறி விழும். அந்தக் குறிதான் பெட்டியை எழுப்பும். தகவல் போன பிறகும் அந்தப் பழைய குறி அங்கேயே கிடந்தது. பெட்டி தூங்கப் போனதும், யாரோ புதிதாக எழுப்புகிறார்கள் என்று நினைத்து உடனே விழித்துக்கொண்டது. மாதக்கணக்கில் வரவேண்டிய பேட்டரி நாலு நாளில் செத்தது.

இரண்டு வரி சேர்த்தேன். பெட்டி விளக்கை அணைத்து, ரேடியோவை நிறுத்தியதும், எல்லாக் குறிகளையும் அழி, பிறகு தூங்கு. பெட்டிகள் சமர்த்தாகத் தூங்கின. முதலாளி எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. லாக்

ஒரு மதியம் கண்டெய்னர் இறக்கும்போது ஏழுமலை என்ற தொழிலாளியின் கால் மாட்டிக்கொண்டது. கூட இருந்தவர் தேசிங்கு மட்டும்தான். இருவரும் வியாசர்பாடியில் ஒரே ஹவுசிங் போர்டு பிளாக். சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் பந்து விளையாடியவர்கள். உதவி வர அரைமணிக்கு மேல் ஆனது. ஏழுமலையின் காலை எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கன்ட்ரோல் ரூமுக்குத் தகவலே வரவில்லை; தேசிங்கு பட்டனை அமுக்கினாரா என்பதுதான் கேள்வி.

"அமுக்கனேன் சார். அமுக்கிட்டு, ரத்தம் ஊத்திகினு கீதேன்னு துண்டு கட்ட ஓடனேன். வருவாங்க வருவாங்கன்னுதான் குந்திகினு இருந்தேன்" என்றார் தேசிங்கு.

யார்டு மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "மேடம், உங்க லாக் என்ன சொல்லுது?"

லாக் என்பது பெட்டி தானாக எழுதி வைக்கும் பதிவு. அதைத் திறந்தேன். அந்த நேரத்தில் வழக்கமான ஒரு செய்தி போயிருந்தது. பட்டன் அமுக்கிய பதிவு இல்லை.

"பெட்டி பொய் சொல்லாது சார்" என்றேன். கையெழுத்தும் போட்டேன். தேசிங்கு என்னை ஒருமுறை பார்த்தார். மறுநாள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

3. வாக்கி டாக்கி வழக்கம்

நாலு மாதம் கழித்து, அதே யார்டில் இன்னொரு பெட்டி மாட்டப் போனேன். அங்கே வேலை பார்க்கும் ஒருவரை பட்டனை அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். அவர் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"ஏன் நிக்கிறீங்க?"

"லைட்டு எரிஞ்சிகினு கீதேக்கா. வாக்கி டாக்கில லைட்டு எரிஞ்சா எவனோ பேசிகினு கீறான்னு அர்த்தம். நடுவுல அமுக்கனா போவாது. அணைஞ்சதும் டக்குனு அமுக்கணும். இங்க அல்லாரும் அப்டிதான்."

விளக்கு அணைந்தது. டக்கென்று அமுக்கினார். தகவல் அனுப்பாமலே பெட்டி தூங்கிவிட்டது.

என் இரண்டு வரியை மனதில் ஓட்டிப் பார்த்தேன். விளக்கு அணைந்தபின் ரேடியோ நிற்க இரண்டு நொடி ஆகும். அதற்கப்புறம்தான் என் வரி எல்லாக் குறிகளையும் அழிக்கிறது. அந்த இரண்டு நொடிக்குள் விழும் புதுக் குறியையும் பழைய குப்பை என்று சேர்த்துத் துடைத்துவிடுகிறது. பத்து முறை அமுக்கிப் பார்த்தோம். பத்தும் காணோம். தேசிங்கு அமுக்கிய நேரத்திலும் ஒரு வழக்கமான செய்தி போய், விளக்கு எரிந்து அணைந்திருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். "புது சாஃப்ட்வேர் போட்டு விட்டுடும்மா. எழுத்துல எதுக்கு?" என்றார். அன்றே யார்டுக்கு எழுத்தில் கொடுத்தேன். தேசிங்கின் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்று யார்டில் சொல்லிவிட்டார்கள்.

4. வியாசர்பாடி

தேசிங்கைத் தேடிப் போனேன். மாடிப்படியில் நின்றபடியே எல்லாம் கேட்டார். கோபப்படுவார் என்று பயந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நான் அமுக்கனேன்னு எனக்குத் தெரியும்க்கா. என்னாண்ட இன்னாத்துக்கு சொல்ற? மேல கீறான் பாரு, அவனாண்ட சொல்லு. நாலு மாசமா எனக்குக் கதவு தொறக்கல."

தனியாக மேலே போனேன். ஏழுமலை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொட்டி பொய் சொல்லாதுன்னு சொன்னது நீதானா?"

"ஆமாம்."

"உன் பேச்சக் கேட்டுத்தான் அவன என் வூட்டு வாசல்லயே நிக்க வச்சேன்."

"கீழதான் இருக்கார். கூப்பிடட்டுமா?"

"இன்னா மூஞ்சிய வச்சிகினு கூப்புடுவேன்?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழே வந்தேன். தேசிங்கு படியில் உட்கார்ந்திருந்தார். "இன்னா சொன்னான்?" என்றார். நான் திரும்பி மேல் படியைப் பார்த்தேன். அவரே புரிந்துகொண்டு எழுந்து போனார்.

நான் கற்றது இவ்வளவுதான். படித்த குறியை மட்டும் அழி, படித்த உடனே அழி. தூங்கும் முன் இன்னொரு தடவை பார். புதிதாக ஒன்று வந்திருந்தால் தூங்காதே. பதிவில் இல்லை என்பதற்காக நடக்கவில்லை என்று கையெழுத்துப் போடாதே.

திருத்திய வரிகளுக்கு மேலே 'தேசிங்கு' என்று ஒரு குறிப்பு போட்டு வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் யார் அது என்று கேட்பார்கள்.

"பட்டனை அமுக்கினவர்" என்பேன்.