ஊருக்குப் போகிறவர்

நாங்கள் புலம்பெயர்ந்து குடியிருந்த வில்லரேயில் எங்களுக்கு மேல்வீட்டில் இருந்தவர் ஓய்வு பெற்ற சமையல்காரர். நெட்டையான மனிதர். குளிர்ச்சட்டைக்கு மேலேயும் தோளில் ஒரு துவாய் கிடக்கும். பனி கொட்டத் தொடங்கியதும், "ஊருக்குப் போறன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு புறப்படுவார்.

ஊருக்குப் போகிறவரை எங்கள் சனம் வெறுங்கையோடு விடாது. சொக்லேற், வைற்றமின் குளிசை என்று பார்சல்கள் குவியும். அவர் ஒன்றையும் மறுத்ததில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அக்காவுக்கு நானும் ஒன்று கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா தொலைபேசியில் கேட்டாள்: "பார்சல் தபாலிலை வந்தது. ஏனடி மெக்சிக்கோ முத்திரை ஒட்டியிருக்கு?"

சித்திரையில் நன்றாகக் கறுத்துத் திரும்பியவரைப் படிக்கட்டில் மறித்தேன்.

"அண்ணை, உண்மையாச் சொல்லுங்கோ. எங்கை போனனீங்கள்?"

துவாயால் முகத்தைத் துடைத்தார். "மெக்சிக்கோவிலை ஒரு கடற்கரை, பிள்ளை. விடிய மீன் வாங்கிக் குழம்பு வைப்பன். பின்னேரம் கதிரையைப் போட்டுக் கடலைப் பாத்துக்கொண்டிருப்பன். சொன்னால், ஏன் ஊருக்குப் போகேல்லை எண்டு கேப்பினம்."

"ஊரிலையும் கடல் இருக்குத்தானே?"

"இருக்கு. அங்கை ஒவ்வொரு வீட்டுப் படலையடியிலையும் ஆரோ செத்த கதை. அந்தக் கடற்கரையிலை எனக்கு ஒருத்தரும் சாகேல்லை."

அடுத்த பனிக்கு அவர் பெட்டியோடு இறங்கிவந்து, "ஊருக்குப் போறன், பிள்ளை" என்றார். நானும் ஒரு பார்சலை நீட்டினேன். உள்ளே வறுத்த மிளகாய்த்தூள். மேலே அவருடைய பெயரையே எழுதியிருந்தேன்.