ஃபேன் சத்தம் கேட்கும் நேரம்

கட்டிங் அக்கா தலையை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்க்கிறார். அடுத்து சுவர்க் கடிகாரத்தை. மணி மூன்று ஐம்பது. காதிடுக்கில் செருகிய பென்சிலை எடுத்து, ஒரு பழுப்பு அட்டையின் பின்புறம் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். பிறகு துணி வெட்டும் மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, துண்டுத் துணியால் இரண்டு முடிச்சுப் போடுகிறார். இன்றைக்கு இனி வெட்டு கிடையாது.

அந்த விசிறி காலை எட்டரையிலிருந்து சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு இறக்கை வளைந்துபோய், சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று சொல்லும் பழைய விசிறி. ஆனால் அது இவ்வளவு நேரம் அக்காவின் காதில் விழவில்லை. மாத்திரை உள்ளே இருக்கும்வரை விழாது. மாத்திரை கிளம்பும்போது முதலில் விசிறி வரும், அடுத்து தண்ணீர்க் குழாயின் சொட்டு, அதற்கும் அடுத்து மூன்றாவது வரிசையில் காலர் தைப்பவர் மூக்கை உறிஞ்சுவது. எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் தலைக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும்.

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குச் சீருடை தைக்கும் பட்டறை அது. இருபது தையல் மெஷின்கள், ஒரே ஒரு வெட்டு மேசை. மேசை அக்காவுடையது. அறுபது துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, இடது கையில் இரும்பு வலை உறை மாட்டி, வலது கையால் மெஷினைத் தள்ளிக்கொண்டு போவார். கழுத்து வளைவில்கூடக் கை தயங்காது. நாற்பத்திரண்டு வயது, குட்டை உருவம், வலது முன்கை மட்டும் மல்யுத்தக்காரருடையது போலிருக்கும். கொண்டையில் எப்போதும் இரண்டு பென்சில். அவை அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. மூன்றாவதை ஊரெல்லாம் தேடுவார். டீயைச் சூடாகக் குடித்த அனுபவம் அவருக்கு இல்லை. வாங்கி வைப்பார், மறப்பார், ஆறிய பிறகு "யாருடைய டீ இது?" என்று கேட்பார்.

படிப்பில் மனம் நிற்கவில்லை என்று மகளை மருத்துவரிடம் கூட்டிப்போனது இரண்டு வருடம் முன்பு. மருத்துவர் மகளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஏ.டி.எச்.டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத குறைபாடு என்று இரண்டு சீட்டு எழுதப்பட்டது, ஒன்று அம்மாவின் பெயரில். "நாப்பது வருஷமா எல்லாரும் பொறுப்பில்லாதவள்னாங்க. அதுக்கு ஒரு பேர் இருக்குன்னு யாரும் சொல்லல" என்கிறார் அக்கா. மாத்திரை சாப்பிட்ட முதல் நாள் காலையில் பட்டறை இவ்வளவு அமைதியான இடமா என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் மாத்திரை சாயங்காலம்வரை நிற்கவில்லை. இரண்டரை மணிக்கே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். மேலங்கிக் கைகள் வீணானது அப்படித்தான்.

கைக்கு வலது இடது உண்டு. அட்டையில் வெட்டிய கை மாதிரியைத் துணிமேல் ஒரு தடவை வைத்து வரைந்து, அடுத்த கைக்கு அதையே திருப்பிப் போட்டு வரைய வேண்டும். ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு அக்கா திருப்பவில்லை. அறுபது அடுக்கு. மெஷின் ஓடி முடித்தபோது நூற்றிருபது கைகள் கிடைத்தன, நூற்றிருபதும் இடது. ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு ஏறிய துணி என்பதால் புரட்டிப் போட்டுச் சமாளிக்கவும் வழியில்லை. காலர் அண்ணன் இரண்டு கைகளை எடுத்துப் பிடித்துப் பார்த்தார். "ஏம்மா, ரெண்டு பக்கமும் இடது கை இருக்கிற நர்ஸுங்க எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்க?" என்றார். பட்டறையே சிரித்தது. முதலாளியம்மா உள்ளே வந்ததும் சிரிப்பு அடங்கியது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, மேசைய வேற ஆள்கிட்ட குடுத்துட்டு நீ பேக்கிங்குக்குப் போயிடு" என்றார் முதலாளியம்மா. குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அக்கா அதை நம்பினார்.

மாத்திரை விஷயத்தை அக்கா அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. "மாத்திரை போட்டாத்தான் வேலை செய்ய முடியும்னு தெரிஞ்சா, கத்திய யார் என் கையில குடுப்பாங்க?" என்று காலர் அண்ணனிடம் மட்டும் கேட்டிருக்கிறார். அந்தப் பதினாறு அடி மேசைதான் அவர் வாழ்க்கையில் திட்டு வாங்காமல் நின்ற ஒரே இடம். அதை இழக்க அவருக்கு மனமில்லை.

காலையில் வீட்டில் மறந்துவிட்டால் இருக்கட்டும் என்று கைப்பையில் எப்போதும் மறுநாள் மாத்திரை இருந்தது. இரண்டரைக்கு அதையும் விழுங்கிவிட்டால் என்ன என்று பல நாள் பையைத் திறந்து மூடியிருக்கிறார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேட்டார். அங்கிருந்த நர்ஸ் பதறாமல் சொன்னார்: "நீங்களா இன்னொண்ணு போட்டுக்காதீங்கக்கா. எத்தனை மணிக்குப் போடுறீங்க, என்ன சாப்பிட்டீங்க, எப்ப விட்டுப்போகுதுன்னு ரெண்டு வாரம் எழுதிட்டு வாங்க."

எழுதுவதற்கு ஒரு நோட்டு வாங்கினார், தொலைந்தது. இரண்டாவது நோட்டைப் பத்திரமான இடத்தில் வைத்தார். அந்த இடம் எது என்று இன்றுவரை தெரியவில்லை. கடைசியில், தினமும் கையில் எடுத்தே தீரவேண்டிய ஒரு பொருள்மேல் எழுதுவது என்று முடிவு செய்தார். கை மாதிரி வெட்டிய அட்டையின் பின்புறம் நிரம்பத் தொடங்கியது. 'மாத்திரை 5.30. டீ. ஃபேன் 2.20.' அடுத்த வரி, 'மாத்திரை 5.30. டீ. ஃபேன் 2.35.' இரண்டு வாரம் கழித்து அந்த அட்டையைச் சேலைக் கடைப் பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவரின் மேசையில் வைத்தார். கை மாதிரியைக் காணோம் என்று பட்டறையில் தேடியதற்கு, ஓரத்தைச் சீர்செய்ய வீட்டுக்கு எடுத்துப்போனதாகப் பொய் சொன்னார்.

மருத்துவர் அட்டையை நேராக, தலைகீழாக, எல்லா விதத்திலும் திருப்பிப் படித்தார். "ஏன் அஞ்சரைக்கே போடுறீங்க?"

"பல் தேய்க்கிற பிரஷ் பக்கத்துல வெச்சிருக்கேன் டாக்டர். இல்லேன்னா மறந்துடுவேன்."

"மாத்திரை பாதியில ஓடிப்போகலம்மா. நீங்க அஞ்சரைக்கே வேலைக்குக் கூப்பிட்டீங்க. அதோட ஷிப்ட் ரெண்டரைக்கு முடிஞ்சிடுது."

அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்தார், தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். வெறும் டீயோடு நிறுத்தாமல் நன்றாகச் சாப்பிட்டு, ஏழரைக்கு மாத்திரை போடச் சொன்னார். அப்படியும் போதவில்லையென்றால் அளவை மாற்றுவதா, மத்தியானம் சின்னதாக ஒன்று சேர்ப்பதா என்று அடுத்த முறை பார்ப்போம் என்றார். இப்போது மாத்திரை டிபன் டப்பாவின் மூடிமேல் ரப்பர் வளையத்தில் கட்டியிருக்கும். விசிறி நாலு மணிவாக்கில் வருகிறது.

நாலு மணிக்குப் பிறகும் வேலை இருக்கிறதே. அதற்கு அக்கா தானாக ஒரு வழி செய்துகொண்டார். வேலையை இரண்டாகப் பிரித்தார்: அவிழ்க்க முடிகிற வேலை, அவிழ்க்க முடியாத வேலை. வெட்டு அவிழ்க்க முடியாதது, ஆகவே காலையில். துணி விரிப்பது, கட்டுகளில் நம்பர் சீட்டு கட்டுவது எல்லாம் விசிறிக்குப் பிறகு. "தப்பா கட்டினா அவிழ்த்துக் கட்டலாம். தப்பா வெட்டினா என்னத்த ஒட்டுறது?" என்பார். வீட்டிலும் இதே சட்டம்தான். கோபத்தில் சொன்ன வார்த்தையும் அவிழ்க்க முடியாத ரகம் என்பதால், மகளின் மார்க் விவகாரம் காலைச் சாப்பாட்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. சாயங்காலம் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மகள் கேட்பாள், "ஃபேனாம்மா?" "ஃபேன்தான்டி" என்றால், அரை மணி நேரம் கழித்து வருவாள்.

போன வியாழக்கிழமை அக்காவுக்கு முதல்நாள் தூக்கம் சரியில்லை. டிபன் டப்பாவையும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டார், ரப்பர் வளையத்திலிருந்த மாத்திரையை மட்டும் நல்லவேளையாக அதற்கு முன்பே போட்டிருந்தார். விசிறி இரண்டு நாற்பதுக்கே வந்துவிட்டது. அக்கா பென்சிலால் குறித்துவிட்டு பிளக்கைப் பிடுங்கி வயரில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது முதலாளியம்மா வேகமாக வந்தார்.

"அந்த நாப்பது மேலங்கியும் நாளைக்குச் சாயங்காலம் போகணும். உடம்பு வெட்டியாச்சு, கை மட்டும்தான பாக்கி? இப்பவே வெட்டிடு."

"காலையில எட்டரைக்கு வெட்டித் தர்றேன் மேடம். ஒம்பதரைக்குள்ள தையலுக்குப் போயிடும்."

"துணி விரிச்சிருக்கு. கரண்ட் இருக்கு. நீயும் நிக்கிற. இப்ப வெட்டுறதுக்கு என்ன கேடு?"

விசிறி 'டக்' என்றது. குழாய் சொட்டியது. காலர் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கைப்பை மேசைக்கடியில் இருந்தது. உள்ளே வெள்ளிக்கிழமை மாத்திரை. அவர் கை ஒரு தடவை அந்தப் பக்கம் போய், நின்று, திரும்பி வந்தது. தலைவலி, மயக்கம் என்று ஏதாவது சொல்லலாம், முதலாளியம்மா நம்பவும் நம்புவார்.

"ஒண்ணு காட்டணும் மேடம்" என்றார் அக்கா. 

விரித்த துணியின்மேல் வரைவதற்குத் தயாராகக் கிடந்த கை அட்டையை எடுத்தார். அதைத் திருப்பி, எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி, முதலாளியம்மாவின் முன்னால் வைத்து, 'மாத்திரை', 'ஃபேன் 2.40' என்றிருந்த கடைசி வரியில் விரலை ஊன்றினார்.