டெல்லியை விடக் கிட்டே இருந்த மஸ்கட்

கணவன் விட்டுப்போன பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் மிஷினைத் தனக்கென்று பிடித்தது, பள்ளிக்கூட வாசலே மிதிக்காமல் சூப்பர்வைசர் வாயால் நல்ல கை என்று பெயர் வாங்கியது, மகள்கள் இருவரின் படிப்பும் நிற்காமல் பார்த்துக்கொண்டது, கடைசியாக மஸ்கட்டில் ஆஸ்பத்திரித் துணி தைக்கும் வேலை. ஞானசௌந்தரி இவற்றையெல்லாம் ஜெயித்தது யார் தயவாலும் அல்ல.

அவள் குழம்பிப்போனது விமானத்தில்தான்.

ஆவடித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்த அண்ணன் அருள்தாஸ் டிக்கெட்டை மூன்று முறை படித்திருந்தார். இரவு எட்டரைக்குப் புறப்பாடு, பத்து ஐம்பதுக்கு மஸ்கட். டெல்லிக்கே இரண்டரை மணி நேரம் ஆகும் என்று ஆபீசர் ஒருவர் சொல்லியிருந்ததால், மஸ்கட் டெல்லியை விடக் கிட்டே என்று முடிவு கட்டித் தங்கைக்குத் தைரியம் சொல்லி அனுப்பினார்.

ஷிஃப்டுக்காகக் கட்டிப் பழகிய கைக்கடிகாரத்தில் பத்து ஐம்பது ஆயிற்று. விமானம் இறங்கவில்லை. பதினொன்றரை ஆயிற்று. கீழே ஒரு விளக்கும் இல்லை. அம்பத்தூரில் நிற்காத ரயிலில் ஏறித் திருவள்ளூர் வரை போய்த் திரும்பியவள் அவள். இங்கே திரும்புவது எப்படி? கம்பெனி ஆள் காத்திருந்துவிட்டுப் போய்விட்டால் வேலையும் போய்விடுமே.

பக்கத்து சீட்டில் பூந்தமல்லிக் கொத்தனார் துலுக்கானம். இரண்டாம் தடவை போகிறவர்.

"அண்ணே, மஸ்கட்டு தாண்டிப் பூட்ச்சா?"

"நடுவுல ஸ்டேஷனா கீது தாண்டறதுக்கு? அங்கத்து டயம் வேறம்மா. நம்மள விட ஒன்ற அவுரு கம்மி."

"அப்ப நாம பறந்த ஒன்ற அவுரு இன்னா ஆச்சு?"

துலுக்கானம் கொஞ்சம் யோசித்தார். "திரும்பி வரும்போது சேத்து எட்த்துக்குவான்."

அவள் கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்தாள்.

அவள் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகச் சற்று முன்பு விமானம் இறங்கியதும் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். துலுக்கானம் பேசிப் பேசித்தான் கூட்டி வந்தார். விமான நிலையத்துக்குள், வந்திறங்குகிறவர்கள் கொடுக்க வேண்டிய கார்டை அவளுக்காக அவரே நிரப்பி, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார். அதுவரை பாஸ்போர்ட்டில்கூட அவள் வைத்தது கட்டைவிரல்தான். கம்பெனிக்காரர்கள் முன்னால் தலைகுனியக் கூடாதென்று மகள்கள் ஒரு மாதமாக அவள் பெயரை எழுதப் பழக்கியிருந்தார்கள். முதல் கையெழுத்தைத் தப்பான ஊரில் வைப்பதா?

"எந்த ஊருன்னு தெரியாம நான் வெக்க மாட்டேண்ணே."

அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது. தன் கையைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபது. எது சரி, எது தப்பு என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அண்ணன் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்த ஊர் வேறு ஊராக இருக்க முடியாது.

பேனாவை வாங்கி ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். தேதியைத் துலுக்கானம் போட்டார். ஆவடியில் பதினெட்டாம் தேதி பிறந்துவிட்டிருந்தாலும், அவர் எழுதியது 1989, ஜூன் 17, சனிக்கிழமை.