கள்ளிறக்கும் ஆறுச்சாமியும் வெள்ளி பூசிய குழாயும்

ஆறுச்சாமி இறக்கிய கள்ளில் ஓர் எறும்பு விழுந்து, எழுந்து, நேராக ரோட்டுக்குப் போய், பாலக்காடு பஸ்ஸை மறித்து டிரைவரை வம்புக்கு இழுத்ததாகக் கேரளத்துச் சித்தூர்ப் பக்கம் சொல்வார்கள். எறும்பைப் பார்த்தவர் யாரும் இல்லை. கள்ளைக் குடித்தவர்கள் நிறைய உண்டு.

கள் வடிகிற பானையான முட்டியில் காதை வைத்தே பதம் சொல்லிவிடுவார் ஆறுச்சாமி. பொங்குகிற கள் தன்னோடு பேசுவதாக அவருக்கு எண்ணம். பெண் பார்க்கப் போன இடத்திலும் பழக்கதோஷத்தில் மோர்ப்பானையில் காதை வைத்துவிட்டார். “மாப்பிள்ளைக்குப் பொண்ணு வேணுமா, பானை வேணுமா, கேட்டுச் சொல்லுங்க” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரல்தான் மயிலாத்தாள்.

சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்கினால் இனிக்கிற தெளுவு, தடவாத முட்டியில் இறங்கினால் பொங்குகிற கள். அவர் பிழைப்பு முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் நடந்தது. போன மழைக்காலத்தில் தென்னை வழுக்கிவிட்டது.

இடுப்பெலும்பு முறிந்து, பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீர் இறங்கக் குழாய் செருகினார்கள். எலும்புக்குத் தகடு வைக்க நாள் குறித்தார்கள். அந்த நாளில் காய்ச்சல்தான் வந்தது. சிறுநீரில் பூஞ்சை. மருந்தை மாற்றினார்கள், குழாயை மாற்றினார்கள், பூஞ்சை அசையவில்லை. அது ஒழியாமல் தகடு வைக்க முடியாது. தகடு இல்லாமல் ஆறுச்சாமி எழுந்து நிற்க முடியாது. பக்கத்துக் கட்டிலுக்குத் தாவிவிடும் என்று அவரைத் தனியறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அங்கே கண்ணைத் தவிர மற்றதெல்லாம் மூடிக்கொண்டு வந்தாள் டாக்டர் செல்வப்பிரியா. அவளும் சித்தூர்க்காரிதான்.

“ஏனுங் டாக்டரம்மா, அது என்ன சாதிப் பூஞ்சைங்க?”

“ஈஸ்ட்டுங்க ஐயா. உங்க கள்ளப் பொங்க வெக்கறதுக்குத் தூரத்துச் சொந்தம்.”

“அடப்பாவமே. இத்தன வருசம் எனக்குச் சோறு போட்டவனோட ஒறம்பறையா? அதான் வந்தவன் போகமாட்டீங்கறான்.”

அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். பூஞ்சை குழாயின் சுவரில் ஒட்டிப் படலம் கட்டிக்கொள்கிறது. படலத்துக்குள் மருந்து நுழைவதில்லை. புதிதாக ஒரு குழாய் பரிசோதனையில் இருக்கிறது. அதன் சுவரில் வெள்ளி பூசியிருக்கிறார்கள். ஒரு முடியின் அகலத்தில் ஆயிரம் துகளை வரிசையாக உட்காரவைக்கலாம், அவ்வளவு பொடி.

“கட்டாயம் வேலை செய்யும்னு நான் சொல்லலைங்க. நீங்க சரின்னாத்தான் வெப்போம்.”

“முட்டிக்குச் சுண்ணாம்பு தடவற மாதிரிங்களா?”

“அந்த மாதிரின்னு வெச்சுக்கங்க.”

“அப்ப பொங்குதான்னு பாத்துப்போடலாம். பூசுனதுல ஒரு துண்டு, பூசாததுல ஒரு துண்டு குடுங்க.”

எதற்கென்று தெரியாமலே அவள் கொடுத்தாள். மறுநாள் மயிலாத்தாள் சுண்ணாம்பு படாத புதுச்சாற்றைக் கஞ்சி என்று சொல்லி இரண்டு பாட்டிலில் கொண்டுவந்தாள். கதவருகே நர்ஸ் ஜின்சி மறித்தாள்.

“கஞ்சிக்கு எதுக்கு சேச்சி ரெண்டு பாட்டில்?”

“காலைக்கு ஒண்ணு, மத்தியானத்துக்கு ஒண்ணு கண்ணு.”

பாட்டிலுக்கு ஒரு துண்டைப் போட்டு ஜன்னலோரம் வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் இரண்டும் நுரைத்தன. ஆறுச்சாமி ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போனது.

“ரெண்டும் ஒரே பேச்சுத்தான் பேசுது. வெள்ளியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போடு.”

மயிலாத்தாள் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, ஜின்சி பார்ப்பதற்குள் பாட்டிலைக் கழுவிவிடலாம் என்று தொட்டியில் கவிழ்த்தாள். ஒரு துண்டு அவள் விரலைவிட்டு நழுவித் துள்ளியது. மறுபடி எடுத்தாள், மறுபடியும் நழுவியது. இன்னொன்று சொன்னபடி நின்றது.

“ஏனுங்க, இது வெண்டிக்காயாட்ட வழுக்குது. இந்த வெள்ளி பூசுனது கழுவுன கரண்டியாட்ட இருக்குது.”

ஆறுச்சாமி இரண்டையும் வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தார். பூசாததில் மட்டும் படலம் கட்டியிருந்தது. சுண்ணாம்பு சாற்றில் கரைந்து சாற்றையே மாற்றிவிடும். இந்த வெள்ளி சுவரைவிட்டு இறங்குவதில்லையோ? டாக்டர் வந்ததும் அதைத்தான் கேட்டார்.

“ஆமாங்க ஐயா. அது தண்ணிய மாத்தாது, சுவத்துல குடியேற உடாது. ஊடு கிடைக்காம சுத்தறவன மருந்து புடிச்சுக்கும்னு ஒரு நம்பிக்கை.”

“வந்தவனுக்குத் திங்கக் குடுக்கலாம், தங்க எடம் குடுக்கக்கூடாது. அவ்வளவுதானுங்? சரி, வெய்யுங்க.”

டாக்டர் கண்ணைச் சுருக்கினாள். “இதென்னங்க வாசம்?”

“கஞ்சிங்க” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

புதுக்குழாய் வைத்து, மருந்தும் தொடர்ந்தது. காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஒருநாள் காலை ஜின்சி வாசலில் நின்றபடியே, “பூஞ்சை போச்சு. வெள்ளிக்கிழமை ஆபரேஷன்” என்றாள்.

மயிலாத்தாள் அதை உடனே நம்பிவிடவில்லை. குனிந்து, கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள்.

“என்ன புள்ள பண்ற?”

“பேசுதான்னு பாக்கறனுங்க.”

“என்ன சொல்லுது?”

“வாயே தொறக்கலைங்க.”

“அப்பத் தகடு வெக்கச் சொல்லு” என்றார் ஆறுச்சாமி.