தணிக்கை செய்யப்பட்டவர்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பெயர் சித்திரகுப்தி. யார் எவ்வளவு காலம் இருந்தார்கள், எப்போது போனார்கள் என்று கணக்கு வைப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவள் கோபித்துக்கொண்டதில்லை. எமனிடம் வேலை பார்ப்பதைவிடப் பெரிய டாக்டரிடம் வேலை பார்ப்பது கஷ்டம் என்பது அவள் கட்சி. எமன் அறிக்கையைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவதில்லை.

மாடிப்படிக்குக் கீழே அவள் அறை. கதவில் 'புள்ளியியல் பிரிவு' என்று எழுதியிருக்கும். பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். இதய நோயாளி ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வரி. இறந்தவருக்கு ஒன்று. கடைசியாக விசாரித்தபோது உயிரோடு இருந்தவருக்குப் பூஜ்யம். அதற்கப்புறம் என்ன ஆனார் என்று தெரியாததால் அவர் 'சென்சார்' ஆனவர் என்பது அந்தத் துறையின் பேச்சு. ஆண்டறிக்கையை மொழிபெயர்த்த புண்ணியவான் அகராதியைப் புரட்டி, 'தணிக்கை செய்யப்பட்ட நோயாளிகள்' என்று போட்டுவிட்டார். எந்தெந்தக் காட்சியை வெட்டினீர்கள் என்று நர்ஸுகள் அவளைக் கேட்டார்கள்.

இதய வால்வு பழுதானால் ஆபரேஷன் மேலா, மாத்திரை மேலா என்று பெரிய டாக்டர் ஒரு முறை கணக்குக் கேட்டார். அவள் போடும் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒன்றின் ஆபத்து மற்றதைப்போல் இத்தனை மடங்கு என்றால், அந்த மடங்கு முதல் வாரத்திலும் ஐந்தாம் வருடத்திலும் மாறாமல் இருக்கவேண்டும். இங்கே மாறியது. ஆபரேஷன்காரர்களுக்கு முதல் மாதம் ஆபத்து அதிகம், தாண்டிவிட்டால் குறைவு. மாத்திரைக்காரர்களுக்கு ஆரம்பத்தில் ஒன்றுமில்லை, வருடம் போகப் போக ஏறியது. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் திணித்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, 'வித்தியாசமில்லை' என்று வந்து நிற்கும்.

அவள் படமாகவே போட்டுக் கொண்டுபோனாள்.

"படமெல்லாம் எதுக்கும்மா? மீட்டிங்ல சொல்ல ஒரே ஒரு நம்பர் குடுங்க" என்றார் பெரிய டாக்டர்.

கொடுத்தாள். மடங்கு: ஒன்று. இந்த எண்ணை நம்பாதீர்கள் என்பதை நாகரிகமான சொற்களில், பொடி எழுத்தில், அடிக்குறிப்பாகப் போட்டாள். கடமை தீர்ந்தது என்று வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அந்த எண் மீட்டிங்குக்குப் போய், அங்கிருந்து டாக்டர்களிடம் போய், கடைசியில் அவளுடைய அண்ணன் வாயிலிருந்து திரும்பி வந்தது. அண்ணன் தையல்காரர். அவருக்கு வால்வு பழுது.

"ரெண்டும் ஒண்ணுதானாம். டாக்டரே சொல்லிட்டார். அப்புறம் எதுக்கு நெஞ்சைக் கிழிச்சுக்கணும்?"

"உங்க ஆஸ்பத்திரிக் கணக்குதானே, தப்பா இருக்குமா?" என்றாள் அண்ணி.

"கணக்கு தப்பில்ல அண்ணி. ஆனா நம்பாதீங்க."

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று அவளுக்கே உறைத்தது. அண்ணனுக்குப் புரியும்படி சொல்லிப் பார்த்தாள். "குண்டானவருக்கும் ஒல்லியானவருக்கும் சேர்த்து நடு அளவுல ஒரு சட்டை தைச்சா யாருக்குண்ணா சேரும்?"

"ரெடிமேட் கடையில அதைத்தானே விக்கிறான். நல்லாத்தான் போகுது" என்றார் அண்ணன்.

வெட்டு மேஜையில் விரித்திருந்த துணியில் தையல் சாக்பீஸை எடுத்து இரண்டு கோடு இழுத்தாள். "கோடுன்னா உயிரோட இருக்கிறவங்க எண்ணிக்கை. இது ஆபரேஷன். முதல்ல சட்டுனு இறங்கும், அப்புறம் நேரா ஓடும். இது மாத்திரை. முதல்ல நேரா ஓடும், அப்புறம் இறங்கிக்கிட்டே போகும். இந்த இடத்துல ஒண்ணை ஒண்ணு வெட்டுது."

"இறங்காத கோடு இல்லியா?"

"அப்படி ஒண்ணு இல்லண்ணா. ரெண்டும் ஒண்ணுன்னு எழுதிக் குடுத்தது நான்தான். மாத்திரையை நம்பி உக்காந்தா ரெண்டு மூணு வருஷத்துல..." சாக்பீஸை மேஜையில் வைத்தாள். "எனக்கு இருக்கிறது நீ ஒருத்தன்தான்."

அண்ணன் கோடுகளை வெகுநேரம் பார்த்தார். "அடுத்தவங்க துணியில போட்டு வச்சிருக்கே. துவைச்சாப் போகுமான்னு பாக்கணும்" என்றார். அதற்குச் சம்மதம் என்று பொருள். இத்தனை வருடத்தில் அவளுக்கு அந்த அகராதி பழகியிருந்தது.

மறுவாரம் அண்ணன் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். விசாரித்தவர்களிடம் 'ஆஸ்பத்திரியில்' என்பதை அழுத்திச் சொல்லவேண்டியிருந்தது. அன்றைக்கே அவள் பழைய படத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பெரிய டாக்டர் மேஜையில் வைத்தாள். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, அடிக்குறிப்பு எதையும் தான் படிப்பதில்லை என்று சங்கடத்தோடு ஒத்துக்கொண்டார். இனி நோயாளிகளிடம் படத்தைக் காட்டியே பேசுவது என்று முடிவாயிற்று.

ஆபரேஷன் முடிந்த முதல் மாதம் மற்றவர்கள் பொதுவாகப் பயந்தார்கள். அவள் கோட்டின் சரிவு தெரிந்து பயந்தாள். சாயங்காலமானால் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனையே பார்த்துக்கொண்டிருப்பாள். "என்ன, கோடு இறங்குதான்னு பாக்க வந்தியா?" என்பார். ஆமாம் என்பாள். அதில் பொய் ஒன்றுமில்லை.

வருடத்துக்கு ஒரு முறை எல்லா நோயாளிக்கும் போன் செய்து, அச்சிட்ட கேள்வியை அப்படியே படிக்கவேண்டும் என்பது விதி. இந்தத் தடவை தையல் கடை ஸ்டூலில் உட்கார்ந்தே அண்ணனுக்குப் போன் போட்டாள். எதிரே இருந்த அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு எடுத்தார்.

"நோயாளி தற்போது உயிருடன் இருக்கிறாரா?"

"நீயே பாத்துச் சொல்லேன்."

"பாக்கக் கூடாது. கேக்கணும்."

"இருக்கார்."

"பேசுபவர் நோயாளிக்கு என்ன உறவு?"

"நோயாளிதான் பேசறேன்."

பூஜ்யம் போட்டாள். எதையும் அரைகுறையாக விடுவது அவளுக்குப் பிடிக்காது. இந்த ஒரு வரி மட்டும் கடைசிவரை அரைகுறையாகவே கிடக்கட்டும் என்று மனதார நினைத்தாள்.

"என்ன எழுதினே?" என்றார் அண்ணன், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

"நீ தணிக்கை ஆயிட்டேன்னு."

"அது நல்லதா?"

"எங்க ஆபீஸ்ல அதைவிட நல்லது எதுவும் கிடையாதுண்ணா."