இரண்டாம் தரம் கேட்காத மெனு

நோர்வேயில் கோப்பிக்கு ஒரு தரம்தான் கேட்பார்கள். வந்த புதிதில், அலுவலகத்தில் கூட வேலை செய்யும் இங்கிரிட், "கோப்பி வேண்டுமா?" என்றாள். அடுத்த தரம் கேட்கும்போது ஓம் சொல்லலாம் என்ற நினைப்பில், "வேண்டாம்" என்றேன். அவள் தன் கோப்பையை மட்டும் நிரப்பிக்கொண்டு போய்விட்டாள். அன்று பகல் முழுக்கத் தொண்டை காய இருந்தேன்.

எங்கள் உன்னிச்சைப் பக்கத்தில் முதல் 'வேண்டாம்' கணக்கில் சேராது. வயல் வட்டையில் வேலை முடித்து வருகிறவர் வேலிப் படலையில் நின்று விடைபெற்றால் என் அக்கா விடமாட்டாள். "இரிங்க, ஒரு வாய் சோறு திண்டுட்டுப் போங்க." "வேணாம் பிள்ள, வயிறு நிறைஞ்சு கிடக்கு." "அதெல்லாம் சரி வராது, இரிங்க." அதற்குப் பிறகுதான் அவர் கை கழுவப் போவார். ஒரு தரத்தோடு விட்டால், ஒப்புக்குக் கேட்டார்கள் என்று ஊர் பேசும்.

இங்கே நான் மீன் களஞ்சியங்களுக்குக் கணினி நிரல் எழுதுகிறேன். திரையின் மேலேயுள்ள மெனுவில் எதையாவது அழுத்தினால், கணினி அதை ஒரு நிகழ்வாக அறிவிக்கும். அதற்கு என்ன செய்வது என்று எழுதிவைப்பது என் வேலை. 'வெளியேறு' என்பதை அழுத்தினால், எல்லாம் சேமித்திருந்தாலும், "போகத்தான் வேண்டுமா?" என்று கேட்கவைத்தேன். ஓம் என்றால் இன்னொரு தரம். களஞ்சியத்தில் தடித்த கையுறையோடு நிற்கிறவர்கள் கொதித்துவிட்டார்கள்.

"போகிறேன் என்றவனை ஏன் மறிக்கிறாய்? பாதுகாப்புக்கா?" என்றாள் இங்கிரிட்.

"மரியாதைக்கு."

"ஒருவர் சொன்னதை நம்பாமல் இருப்பதா மரியாதை?"

அதிலும் நியாயம் இருந்தது. இரண்டு கேள்விகளையும் அழித்தேன். இப்போது அழுத்தியதும் ஜன்னல் பட்டென்று மூடிவிடும். அக்காவிடமும் பெருமையாகச் சொன்னேன்: "இஞ்ச ஒருக்காச் சொன்னாக் காணும், அக்கா."

போன ஞாயிறு அக்கா ஊரிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். ஆவணியில் அவள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் ஒருவன்தான்.

"வருவாய்தானே?"

லீவு கிடைக்கும். போக ஆசையோ கொள்ளை. ஆனால் வாய், பழைய வழக்கத்துக்கு, "லீவு கஷ்டம் போலக் கிடக்கு" என்றது. அவள் ஏசுவாள், மாமன் இல்லாமல் கல்யாணமா என்பாள் என்று காத்திருந்தேன்.

"சரி தம்பி. உங்கட நாட்டில ஒருக்காச் சொன்னாச் சொன்னதுதானே. வேலையப் பாரு. மறுகா ஆறுதலா வா."

பேசி முடித்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. அழுகை வந்தது. நானே அவளுக்குத் திரும்பப் போன் எடுத்து, வாறன் என்று சொல்லலாம்தான். ஆனால் எங்கள் படலையில், இரண்டாம் தரம் கேட்குமுன் கை கழுவப் போனவர் எவருமில்லை.