பாக்கியரத்தினத்தின் கீச்சிடும் இடுப்பு

பாக்கியரத்தினம் துறைமுகத்து இழுவைப்படகுகளில் எஞ்சின் பார்த்து ஓய்வுபெற்றவர். எந்த எஞ்சின் கத்தினாலும், எங்கே கிறீஸ் காய்ந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருடைய இடுப்பே கடைசியில் கத்தத் தொடங்கியது. கடவுளுக்கும் கொஞ்சம் பகிடி தெரியும் போலிருக்கிறது.

தேய்ந்துபோன வலது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு, செரமிக்கில் செய்த குண்டும் அது சுழலுவதற்குச் செரமிக் கிண்ணமும் வைத்திருந்தார்கள். உருக்கை விடக் கடினம், லேசில் தேயாது, உடம்பும் அதோடு சண்டை பிடிக்காது. நோவு பறந்துவிட்டது. ஆனால் சில மாதங்களில், காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் போல ஒரு கீச்சு.

“எண்ணெய் ஏதும் விடேலாதோ, டொக்டர்?”

“ஐயா, இது போட் எஞ்சின் இல்லை. எக்ஸ்றே படத்தில எல்லாம் சரியாத்தான் இருக்கு. குண்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில ஈரம் குறைஞ்சா சில பேருக்கு இப்பிடிக் கேக்கும். பயப்பிடாமல் பின்னேரத்தில நடவுங்கோ.”

நடந்தார். நடப்பதற்குத் திருகோணமலையில் எத்தனையோ தெருக்கள் இருந்தன, கடற்கரையும் இருந்தது. அவர் தெரிந்தெடுத்ததோ தம்பி இக்னேசியஸ் வீட்டு ஒழுங்கையை. அவர்களுக்குள் பேச்சு நின்று வருடக்கணக்கு. தன் மகள் றொஷானியின் கலியாணத்தைத் தம்பி நேரில் வந்து சொல்லாமல் போனில் சொல்லிவிட்டான். கூடப்பிறந்த தமையனுக்குப் போனிலா சொல்வது? வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்துச் சொன்னால்தானே அது அழைப்பு. தமையன் கலியாணத்துக்குப் போகவில்லை. அந்தக் கிழமை தம்பி காய்ச்சலில் எழும்ப ஏலாமல் கிடந்தான் என்பது பிறகுதான் தெரிய வந்தது. தெரிந்த பிறகு போவது, போகாமல் விட்டதை விடப் பெரிய வெட்கமாக இருந்தது.

இப்போது இக்னேசியஸ் ஈரல் வருத்தத்தில் பாயோடு பாய். ஆஸ்பத்திரியிலும் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது காதில் விழுந்த நாளிலிருந்து பாக்கியரத்தினம் தவறாமல் தம்பி வீட்டுக் கேற்றடிக்குப் போனார். நின்றார். உள்ளேயிருந்து “வாங்கோ” என்று யாராவது ஒரு குரல் கொடுத்தால் போதும், உள்ளே நுழைந்துவிடுவார். குரல் வராது. திரும்பிவிடுவார். இந்த முறையாவது நேரில் அழைக்கட்டுமே என்று ஒரு பிடிவாதம். சாகக் கிடக்கிறவன் எப்படி எழும்பி வந்து அழைப்பான் என்று அந்தப் பிடிவாதத்திடம் யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் மீன் விற்கிற அஷ்பாக் சைக்கிளை நிறுத்தினான்.

“என்ன ஐயா, இண்டைக்கும் இந்தப் பக்கமோ? உள்ள போகேல்லையோ?”

“டொக்டர் நடக்கச் சொன்னவர், தம்பி. போய் இருக்கச் சொல்லேல்ல.”

“அப்ப சத்தம் போடாமல் நடவுங்கோ. என்ர மீனுக்குப் பூனை வருதெண்டு பயந்திட்டன்.”

பிறகொரு வெள்ளிக்கிழமை அந்தக் கேற்றில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. விடியற்காலையில் உயிர் போயிருந்தது. செத்தவீட்டுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஆகவே பாக்கியரத்தினத்துக்கு உள்ளே போவதில் இப்போது ஒரு தடையும் இருக்கவில்லை.

கீச்சு கீச்சென்று சனத்தின் நடுவால் அவர் போனபோது செபமாலை தடுமாறி, பிறகு ஒருவாறு பிடித்துக்கொண்டது. முழந்தாளிட இடுப்பு விடவில்லை. சவப்பெட்டியருகில் நின்றார்.

தம்பியின் மனைவி திரேசம்மா தலை நிமிராமலே சொன்னார்.

“ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டு கிடந்தவர், அத்தான். ஒழுங்கைத் திருப்பத்திலேயே உங்கட சத்தம் கேக்கும். ‘அண்ணை வாறார்’ எண்டு முழிப்பார். நான் கூப்பிட எழும்பினால் கையைப் பிடிச்சிருவார். ‘கூப்பிடாதை, தான் வாறது எங்களுக்குத் தெரியுமெண்டால் வெட்கத்தில நாளைக்கு வராமல் விட்டிருவார்’ எண்டு சொல்லுவார்.”

பாக்கியரத்தினம் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நேற்றும் வந்தனான், திரேசா.”

“ஓம், அத்தான். அதையும் கேட்டவர்.”